முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கா ஆட்டிசம்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் நம்பவில்லை. "முகத்தைப் பார்த்துப் பேசுறா, ஓடிவந்து கட்டிக்கிறா. ஆட்டிசமெல்லாம் பையன்களுக்கு வர்றதுதானே?" என்கிறார். கொழுந்தனோ, "அப்படின்னா கணக்குல புலியா இருக்கணுமே" என்று சிரிக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில், கெட்டிமேளம் கொட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துவிட்டாள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். தப்பு என்னுடையதா?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: இல்லை. இந்தப் பழி உங்களுக்கு முன்பே பல அம்மாக்கள் சுமந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில், தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள். அந்த அம்மாக்களுக்கு 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்றே பெயர். ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், 1964-ல் புத்தகமே எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது அல்ல. அங்கே பாசம் போதவில்லை என்று திட்டினார்கள். இங்கே பாசம் கூடிப்போச்சு என்கிறார்கள்!

பையன்களுக்குத்தான் என்பதும் சரியல்ல. 1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றிய தன் முதல் கட்டுரையில் விவரித்த 11 குழந்தைகளில் மூன்று பேர் பெண்கள். பல பெண் குழந்தைகள் மற்றவர்களைக் கவனித்து, எங்கே சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பாடம் படிப்பதுபோல் படித்துக்கொள்கிறார்கள். பள்ளியில் நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பையைப் போட்டதும் வெடிப்பார்கள். உங்கள் மகள் எப்படி என்று பாருங்கள். கட்டிப்பிடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பாசம் இல்லை என்று யார் சொன்னது?

கணக்குப் புலி கதையில், ஆட்டிசம் உள்ள ஒருவரைக் கணக்குப் புலியாகக் காட்டிய 'ரெயின் மேன்' (1988) படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்ற நிஜ மனிதருக்கு ஆட்டிசமே இல்லை என்று பின்னால் கருதப்பட்டது. கொழுந்தனிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் கணக்கில் சுமாராக இருந்துவிட்டுப் போகட்டுமே.

சரி, அந்தக் கல்யாண மண்டபம். தவில், நாதஸ்வரம், மைக், பாத்திரச் சத்தம், நூறு பேர் பேச்சு. வேண்டாததை நம் மூளை ஒதுக்கிவிடுகிறது. அவளுக்கு அத்தனையும் ஒரே பலத்தோடு உள்ளே வருகிறது. அடம் பிடிக்கும் குழந்தை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். நாற்காலிக்கு அடியில் இருந்தவள் எதையும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அதட்டலும் அறிவுரையும் இன்னும் இரண்டு சத்தங்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை முதல் நாளே சொல்லிவையுங்கள்: எத்தனை மணிக்கு முகூர்த்தம், எப்போது மேளம் பலமாகக் கேட்கும், அப்போது எங்கே போய் நிற்கலாம் என்று. கதவோரம் உட்காருங்கள்.

அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழ் வாங்கி வைத்தால் தேர்வுச் சலுகைகளுக்கு உதவும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பேத்தி ஓடிவந்து கட்டிக்கொள்வதைக் கவனித்தவர் அவர்தான். சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி அவர் பையில் போட்டுவையுங்கள். மேளக்காரர் தவிலை மடியில் எடுத்து வைத்ததும், பாட்டியே அவள் காதில் மாட்டிவிடட்டும்.