எஸ்எஃப்சி கைவிட்டால் முதலில் டிஸ்ம் ஓட்டுங்கள்

வணக்கம் நண்பரே. விண்டோஸ் 10-ல், பழுதான சிஸ்டம் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும் கருவியான எஸ்எஃப்சியை (sfc /scannow) மூன்று முறை ஓட்டியும், பழுதான கோப்புகளில் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நான்காவது முறை ஓட்டினாலும் அதேதான் வரும். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) என்ற கோப்புக் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கே கெட்டிருந்தால் எதை வைத்துச் சரிசெய்யும்?

அதனால் முதலில் கிடங்கைப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கிடங்கைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சுவிட்சுகளோடு கொடுங்கள்: DISM /Online /Cleanup-Image /RestoreHealth. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு இடைவெளியும் சாய்கோடும் வேண்டும். நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து இறக்கும், எனவே இணையம் இருக்கட்டும். 62.3%-ல் வெகுநேரம் நிற்கலாம், பயந்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் எஸ்எஃப்சி ஓட்டுங்கள்.

காணாமல் போன டிஎல்எல் கோப்பை (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் கோப்பு) ஏதாவது தளத்திலிருந்து இறக்கிப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் வைரஸ் இருக்கலாம், பதிப்பும் பொருந்தாமல் போகலாம்.

சரியான பிறகும் கோப்புகள் மறுபடி கெட்டால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் உடனே வேறு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.