ஆச்சி பதில்கள்: சந்தேகம் கேட்க மட்டும் ஒரு பெண்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். விஞ்ஞானக் கதை என்றால் உயிர். ஆனால் அதில் வருகிற பெண்கள் "அப்படின்னா என்ன டாக்டர்?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். குறைப்பட்டால் அண்ணன், "அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான்" என்கிறான். சரிதானா ஆச்சி?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவள் கேட்டால்தானே ஆத்தா, எழுதுகிறவர் ரெண்டு பக்கம் விளக்கம் சொல்ல முடியும்! கேட்டு முடித்ததும் அவளைக் கடத்திவிடுவார்கள். மீட்டு வர ஹீரோவுக்கு ஒரு வேலை. நான் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். என் வகுப்பில் பையன்களும்தான் சந்தேகம் கேட்டார்கள். கதையில் மட்டும் ஏனோ அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை.

அந்தக் காலம் என்று உன் அண்ணன் எதைச் சொல்கிறான்? 1905-லேயே வங்காளத்து பேகம் ரொக்கேயா ‘சுல்தானாவின் கனவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதிவிட்டார். அது அச்சானது நம்ம மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில். அந்தக் கதையில் வருகிற நாட்டில் விஞ்ஞானிகள் எல்லாம் பெண்கள். ஒரு பல்கலைக்கழகம் பலூன் விட்டு மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறது. இன்னொன்று வெயிலைச் சேர்த்து வைக்கிறது. சமையலும் அந்த வெயிலில்தான். அடுப்படியில் கரி இல்லை, புகை இல்லை. படையெடுத்து வந்தவர்களையும் அதே வெயிலைத் திருப்பிவிட்டுத்தான் விரட்டினார்கள். ஆண்கள்? வீட்டுக்குள் அடைப்பு. நம்ம ஊர்க் கணக்கில் முகப்பு பெண்களுக்கு, இரண்டாங்கட்டு ஆண்களுக்கு. பர்தாவைக் கிண்டல் செய்யத்தான் அப்படி எழுதினார் என்றாலும், யாரையும் பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் புகையில்லாத அடுப்படி! விறகடுப்பில் கண் எரிந்தவளுக்குத்தான் அது தோன்றும்.

இங்கே மட்டும் என்னவாம்? பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடியாமல் திரும்ப மாட்டார்கள். அதுவரை வீடு வாசலைப் பார்த்தது ஆச்சிமார்தான். இப்போது உங்க ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதான் சிக்ரி, அதன் வாசலில் காலையில் போய் நில். பேட்டரி ஆராய்ச்சிக்கு உள்ளே போகிற பெண்களைப் பார்ப்பாய். எழுதுகிறவர் கண்ணில் அவர்கள் படவில்லை என்றால் காலத்தின் மேல் பழி போட்டு என்ன பயன்?

சரி, நீயே எழுது. ஒரு யுக்தி சொல்கிறேன். 1979-ல் வந்த ‘ஏலியன்’ படத்தின் திரைக்கதையில், எந்தப் பாத்திரத்தையும் ஆணும் நடிக்கலாம், பெண்ணும் நடிக்கலாம் என்று குறிப்பே இருந்தது. நோய்த்தொற்று இருக்கலாம், வெளியே போய் வந்தவர்களை விண்கப்பலுக்குள் விடாதே என்று விதியைச் சொல்கிற ரிப்ளி அப்படித்தான் பெண்ணானாள். நீயும் முதலில் வேலையைப் பிரி: ராக்கெட் ஓட்டுவது யார், பழுது பார்ப்பது யார், பயந்து அலறுவது யார். அப்புறம் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போடு. காபி கொண்டுவருகிறவர் அண்ணாமலை என்று விழுந்தால் மாற்றிவிடாதே.