மிச்ச ஊசி மருந்தும் ஊற்ற முடியாத பாலும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு மடி வீங்கி ஒரு காம்பில் பால் திரிந்து வந்தது. பக்கத்து லயத்து அண்ணன் தன் மாட்டுக்குப் போட்டு மிச்சமிருந்த ஊசி மருந்தை இரண்டு நாள் போட்டுவிட்டார், வீக்கம் வற்றிவிட்டது. இனி நிறுத்தலாமா? பால் எடுக்க வருகிறவர் கொஞ்ச நாளைக்கு ஊற்ற வேண்டாம் என்கிறார். அந்தப் பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

முதலில் பால். அதுதான் இன்றைக்கே அடுப்பில் ஏறப்போகிறது. கொடுக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் மருந்து அப்படியே போய்விடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தப் பாலே உடம்பு தடிக்க வைக்கலாம். ஒரு காம்புக்குத்தானே நோய், மற்ற மூன்றும் நல்ல பால்தானே என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து நான்கு காம்புக்கும் போகும். காம்புக்குள் ஏற்றும் டியூபும் அப்படித்தான், ஒன்றில் ஏற்றினாலும் மற்றவற்றில் கொஞ்சம் வரும். தலவாக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று நாளாகத் தயிர் உறையவில்லை, கண்ணூறு பட்டுவிட்டது என்று அந்த அம்மா சட்டியையே மாற்றிவிட்டார். விசாரித்தால் மாட்டுக்கு ஊசி போட்டிருந்தார்கள். பாலில் இருந்த மருந்து உறைமோர்க் கிருமியைக் கொன்றிருந்தது.

சரி, ஊசியை நிறுத்தலாமா? அதே மிச்ச மருந்தைத் தொடரவும் வேண்டாம், வீக்கம் வற்றியதே என்று விட்டுவிடவும் வேண்டாம். வீக்கம் வற்றுவது வேறு, மடிக்குள் கிருமி போவது வேறு. சில கிருமிகள் மடித் தசைக்குள்ளேயே ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும். அரைகுறையாக மருந்து போட்டால் பலவீனமான கிருமி செத்து, தாங்கக்கூடியது மிஞ்சிப் பெருகும், மற்றக் கிருமிகளுக்கும் அந்தத் திறனைக் கொடுக்கும். மாட்டின் குடலில் இருக்கிற கிருமிக்கும் அதே மருந்து படுகிறது, அது சாணியில் வரும். சாணி அள்ளுவது யார், அந்தக் கையோடு சமையலுக்குப் போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். பென்சிலின், டெட்ராசைக்ளின் எல்லாம் மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவான மருந்துக் குடும்பங்கள்தான். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 நோபல் உரையிலேயே இதைக் கதைபோலச் சொன்னார்: ஒருவர் தொண்டை வலிக்குப் போதாத அளவு பென்சிலின் எடுக்கிறார், பழகிப்போன கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவிக்கு நிமோனியா வந்தபோது மருந்து கேட்கவில்லை, அவர் இறந்துபோகிறார். நம் லயத்து வீடுகளில் மாட்டுப்பட்டிக்கும் அடுப்படிக்கும் பத்தடிதான் தூரம்.

அந்த அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன். மிருக வைத்தியரைத் தேடி டவுனுக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. கொழுந்து எடுத்துவிட்டு வந்து புல் வெட்டிப் போடுகிற பெண்ணுக்கு அந்தப் பால் காசுதான் கடைக் கடனும் பிள்ளையின் கொப்பிச் செலவும். நாலைந்து நாள் பால் ஊற்றாமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்குச் சின்ன இழப்பா? ஊசி போட்டதை மறைத்துப் பால் ஊற்றுவது இதனால்தான் நடக்கிறது. ஆனால் ஒருவர் ஊற்றும் ஐந்து லீற்றர் தொட்டியில் கலந்ததும் ஊர்ப்பால் முழுவதும் கெடும், சோதனையில் தெரிந்தால் எல்லோர் பாலும் திரும்பும். அதனால் ஊற்றாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன அந்த மனிதரைப் பகைக்காதீர்கள். அப்புறம், உங்கள் லயத்தில் மாடு வைத்திருக்கிற ஐந்தாறு வீடுகள் சேர்ந்து வைத்தியரை ஒரே நாளில் வரவழைத்துச் செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட வீட்டுக்கு அந்த நாட்களில் மற்றவர்கள் ஒரு போத்தல் பால் கொடுத்து உதவலாம். மிச்ச மருந்து கொடுத்து உதவுகிற மனசு இருக்கிற இடத்தில் இது முடியாத காரியமில்லை.

அந்தப் பாலைக் கன்றுக்கும் கொடுக்காதீர்கள், அதன் குடலிலும் இதே கதை தொடங்கும். பீலித் தண்ணீர் (ஊற்றுக் குழாய்த் தண்ணீர்) ஓடுகிற பக்கம் ஊற்றாமல், தள்ளி ஒரு குழியில் ஊற்றி மண் போடுங்கள். சாணியையும் பச்சையாக லீக்ஸ், கரட் பாத்தியில் போடாமல் நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள்.

மழைக்காலத்தில் பட்டி சேறாக இருந்தால் மடிநோய் திரும்பத் திரும்ப வரும். தரையைக் காயவையுங்கள், கையையும் காம்பையும் கழுவித் துடைத்துக் கறங்கள், நோய் மாட்டைக் கடைசியாகக் கறங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் தட்டில் பீச்சிப் பார்த்தால் திரி திரியாக இருப்பது உடனே தெரியும், ஊசி வரை போகாமலே பல தடவை தப்பிக்கலாம். கறந்ததும் புல் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள், காம்புத் துவாரம் மூடுகிறவரை மாடு படுக்கக் கூடாது.

நாளைக்கு அந்த மருந்துப் போத்தலை லேபிளோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள், எந்த நேரம் எவ்வளவு போட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதைக் கேளுங்கள். அந்தக் கணக்கு முதல் ஊசியிலிருந்து இல்லை, கடைசி ஊசியிலிருந்து.