வீட்டில் மக்ரூன் போட்டு விற்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்கிற கிளெண்டேலுக்கு இப்பதான் குடிவந்திருக்கோம்னு எழுதியிருந்தீங்க. போர்ட்டோஸ் பேக்கரி வரிசையைப் பார்த்ததும், "இதை ஒரு கியூபா அம்மா வீட்டு அடுப்புல ஆரம்பிச்சாங்களாமே, தூத்துக்குடியில எங்க அப்பா போடுற முந்திரி மக்ரூனை நானும் இங்க வீட்டிலேயே போட்டு விக்கலாமா அக்கா?"ன்னு கேட்டிருந்தீங்க. எச்-4 விசாங்கிறதை (எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவரோட மனைவிக்குக் கிடைக்கிறது) கடைசி வரியில போற போக்குல சொல்லியிருக்கீங்க. நான் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்.

எச்-4ல வேலை அனுமதி அட்டை இல்லாம ஒரு டப்பா வித்தாலும் அது வேலைதான். சொந்தத் தொழில்னாலும் அதே கணக்கு. "கணவர் பேர்ல பதிஞ்சுக்கலாமே"ன்னு சிலர் யோசனை சொல்லுவாங்க, கேக்காதீங்க. எச்-1பிக்காரர் தன் கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம், மக்ரூன் கம்பெனிக்கு இல்லை. கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடுற மனு) ஒப்புதல் ஆகியிருந்தா நீங்க அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், 2015ல இருந்து அந்த வழி இருக்கு. அட்டை கைக்கு வந்தா சொந்தத் தொழிலும் செய்யலாம். அதுவரைக்கும் சிநேகிதங்களுக்குச் சும்மா கொடுங்க, காசு வாங்காதீங்க.

போர்ட்டோஸை ஆரம்பிச்ச ரோசா போர்ட்டோ அம்மாவுக்கு இந்தத் தலைவலி இல்லை. கியூபாக்காரங்களுக்குன்னே 1966ல அமெரிக்கா ஒரு தனிச் சட்டம் போட்டிருந்தது, அதனால இங்க வந்து சேர்ந்தவங்களுக்கு நிரந்தரமா தங்குற வழி திறந்தே இருந்தது. அதை விட்டுட்டு "அவங்களால முடிஞ்சதே"ன்னு சொல்றது நியாயமில்லை.

மத்தபடி அவங்க பட்டது கொஞ்சநஞ்சமில்லை. நாட்டை விட்டுப் போறோம்னு கேட்ட உடனேயே வேலை போச்சு. அம்மாகிட்ட கத்துக்கிட்ட கேக்கை வீட்ல சுட்டு அக்கம்பக்கத்துல ஒளிச்சு மறைச்சு வித்தாங்க. காஸ்ட்ரோ ஆட்சியில அதுவே குத்தம். 1971ல குடும்பத்தோட லாஸ் ஏஞ்சலஸ் வந்து, இங்கேயும் வீட்டு அடுப்புலதான் மறுபடி தொடங்கினாங்க. 1976ல சன்செட் பூல்வார்டுல முதல் கடை, சும்மா 300 சதுர அடி. பெயாட்ரிஸ், ரவூல், மார்கரிட்டா மூணு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கடைக்கு வருவாங்க. இன்னிக்குக் கடைகளை நடத்துறதும் அவங்கதான். ரோசா அம்மா 2019ல 89 வயசுல காலமானாங்க.

எல்லாரும் இன்னிக்குக் கடை வாசல்ல நிக்கிற வரிசையைத்தான் பாக்குறாங்க. எனக்கு 1971க்கும் 1976க்கும் நடுவுல இருக்கிற வருஷங்கள்தான் முக்கியம். அப்ப அவங்க வித்தது கேக். முதல்ல தேடி வந்தவங்க அந்த ருசி நாக்குல ஏற்கெனவே இருந்த கியூபாக் குடும்பங்கள். பிள்ளைக்குப் பிறந்தநாள்னா கேக் வாங்கியே ஆகணும், தள்ளிப்போட முடியாது. கொய்யாவும் சீஸும் வச்ச பேஸ்ட்ரிக்கு ஆர்மேனியர்களும் பிலிப்பினோக்களும் நம்மாளுகளும் வரிசையில நிக்கிறது அப்புறம் வந்த கதை. (அங்க பொட்டேட்டோ பால்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, பாக்க உருளைக்கிழங்கு போண்டா மாதிரியே இருக்கும். உள்ள மாட்டிறைச்சி. சாப்பிடாதவங்கன்னா கேட்டு வாங்குங்க.)

மக்ரூன் அப்படியில்லை. இல்லாட்டியும் யாருக்கும் விழா நின்னுபோகாது. அதனால அதுக்கு ஒரு நாள் வேணும். கிறிஸ்துமஸுக்கு நம்ம தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள், தீபாவளிக்கு மத்தவங்க. அவங்ககிட்ட மக்ரூன்னா என்னன்னு விளக்க வேண்டாம். வெள்ளைக்காரங்களுக்குப் பிரெஞ்சு மக்காரோன் வேற, இது வேறன்னு புரியவைக்கிற வேலையை முதல் வருஷமே தலையில போட்டுக்காதீங்க.

அட்டை வந்த பிறகு சட்டம் உங்க பக்கம்தான். ரோசா அம்மா வீட்ல சுட்டு வித்த காலத்துல கலிபோர்னியாவுல அதுக்கு இடமே இல்லை. 2013ல இருந்துதான் வீட்டுச் சமையலறைச் சட்டம் வந்தது. அதுல ஏ, பி ரெண்டு வகுப்பு. வாங்குறவங்களுக்கே நேரா விக்கிறதுன்னா ஏ போதும், கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில பதிஞ்சா சரி, வழக்கமா வீட்டுக்கு வந்து பாக்க மாட்டாங்க. கடைகளுக்கும் சப்ளை பண்ணணும்னா பி, வருஷா வருஷம் வந்து பாப்பாங்க. வருஷ விற்பனைக்கு 2022ல ஏக்கு 75,000 டாலர், பிக்கு 1,50,000ன்னு வரம்பு வச்சாங்க, விலைவாசிக்கேத்த மாதிரி அது ஏறும். பதிஞ்ச மூணு மாசத்துக்குள்ள உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்கணும். லேபிள்ல 'மேட் இன் எ ஹோம் கிச்சன்'னு தெளிவா இருக்கணும், முந்திரியும் முட்டையும் அலர்ஜி வரிசையில தனியா வரணும். கிரீம், கஸ்டர்டு வச்சதுக்கெல்லாம் அனுமதி கிடையாது, மக்ரூனுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் உங்க செய்முறையைச் சுகாதாரத் துறையில காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வாடகை வீடுன்னா வீட்டுக்காரர்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.

இனி அடுப்பு. அப்பா கடை அடுப்போட மெல்லிய சூடு இங்க அபார்ட்மென்ட் அவன்ல சுலபமா வராது. பல அவன்ல 170 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காது, முன்பக்கமும் பின்பக்கமும் சூடு வேற வேற. ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள தொங்கவிட்டுப் பாருங்க. காத்து இங்க வறண்டிருக்கிறது உங்களுக்கு நல்லது, நமுத்துப் போகாது. மே, ஜூன்ல மட்டும் காலையில கடல் மேகம் மூடும், அந்த வாரங்கள்ல ஆறினதும் உடனே டப்பாவுல அடைச்சிடுங்க.

விலையை ஊர் விலையோட ஒப்பிட்டுக் குறைச்சு வைக்காதீங்க. முந்திரியும் உங்க ராத்திரித் தூக்கமும் அதுல இருக்கு.

இன்னிக்கு ராத்திரி அவர்கிட்ட ஐ-140 எந்த நிலையில இருக்குன்னு கேட்டு எழுதுங்க. ஒப்புதல் ஆகியிருந்தா விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் வேணும்னு சொல்றேன். ஆகலைன்னா முதல்ல ஒரு குடிவரவு வக்கீலைப் பாக்கணும்.