வேதத்தின் ஞான அர்த்தமும் பிள்ளைகளின் கேள்வியும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் தினமும் இரவு குடும்ப ஜெபம் உண்டு. மகளுக்கு ஆறு வயது, மகனுக்குப் பத்து. இருவரும் ஞாயிறு பள்ளிக்குத் தவறாமல் போகிறார்கள், வசனங்களை ஒப்புவிக்கிறார்கள், வேத வினாடி வினாவில் பரிசும் வாங்குகிறார்கள். கதைகள் மனதில் பதிய வேண்டும் என்று நானும் வீட்டில் அட்டையில் நோவாவின் பேழை செய்வது, படத்துக்கு வண்ணம் தீட்டுவது, நாடகமாக நடிப்பது என்று பலவற்றைச் செய்ய வைக்கிறேன். மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, "இந்தப் பேழைதான் இயேசு, இந்த வெள்ளம்தான் பாவத்தின் தண்டனை" என்று நான் விளக்கத் தொடங்கியதும் முகம் வாடிவிடுகிறது. மகள் எழுந்து போய்விடுகிறாள். மகன் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். உள்ளே இறங்கியதாகத் தெரியவில்லை. போன வாரம் அவன், "அம்மா, இது உண்மையிலேயே நடந்ததா, இல்லை அர்த்தம் சொல்வதற்காக எழுதியதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஆவிக்குரிய அர்த்தத்தைப் பிள்ளைகளுக்கு எந்த வயதில், எப்படிச் சொல்வது? இந்தச் செய்முறைகளால் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு வரிசை. முதலில் பிள்ளைகள் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள், அது முடிந்ததும் நீங்கள் அர்த்தம் சொல்கிறீர்கள். வேதாகமம் பிள்ளைகளுக்குப் போதிப்பதைப் பற்றிப் பேசும் இடங்களில் வரிசை வேறு விதமாக இருக்கிறது. பெரியவர்கள் ஒன்றைச் செய்கிறார்கள், பிள்ளை அதைப் பார்த்துக் கேட்கிறது, கேட்ட பிறகே பெரியவர்கள் வாய் திறக்கிறார்கள். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்காவைக் கைக்கொள்ளும் வீட்டில், இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்று மோசே முன்கூட்டியே சொல்லி, அப்போது கொடுக்க வேண்டிய பதிலையும் சொல்லித் தருகிறார். அடுத்த அதிகாரத்திலும், உபாகமம் 6ஆம் அதிகாரத்திலும் இதே முறைதான். யோசுவா 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் கடந்த யோர்தான் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு பேர் பன்னிரண்டு கற்களைத் தோளில் சுமந்து கொண்டுவருகிறார்கள். அவை கில்காலில் நாட்டப்படுகின்றன. இந்தக் கற்கள் எதற்கு என்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதே அவற்றை நாட்டியதன் நோக்கம்.

பதிலின் தன்மையையும் கவனியுங்கள். யாத்திராகமம் 13:8இல் தகப்பன் தன் மகனுக்குச் சொல்ல வேண்டியது, எகிப்திலிருந்து நான் புறப்பட்டபோது கர்த்தர் எனக்குச் செய்தது இது, என்பதாகும். அதில் தத்துவ விளக்கமும் இல்லை, இது அதைக் குறிக்கிறது என்ற பொருத்தமும் இல்லை. எனக்கு நடந்தது என்ற சாட்சி மட்டும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஞான அர்த்தம் கடந்து செல்லும் வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பேழையே இயேசு என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மகள் எழுந்து போவதற்குக் காரணம் அவளுடைய வயதோ கவனக்குறைவோ அல்ல. அவள் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

ஆகவே முதல் செய்முறையாக யோசுவாவின் கற்களையே பரிந்துரைக்கிறேன். நீங்களும் உங்கள் கணவரும் ஆளுக்கொரு கல்லை எடுத்து, பிள்ளைகளை எதுவும் செய்யச் சொல்லாமல், நீங்கள் ஜெபம் செய்யும் இடத்தில் வையுங்கள். எழுத்தோ வண்ணமோ வேண்டாம். பிள்ளைகள் கேட்காத வரை விளக்காதீர்கள். கேட்கும்போது, உங்கள் வாழ்க்கையில் கடக்க முடியாது என்று நினைத்த ஒன்றை தேவன் எப்படிக் கடக்கச் செய்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அதன் பிறகு யோசுவாவின் அதிகாரத்தை வாசியுங்கள். எப்போதாவது பிள்ளைகளில் ஒருவர் தானாக ஒரு கல்லைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தால், அவர் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள்.

எந்த வயதில் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பார்வைகள் உண்டு, இரண்டையும் அறிந்துகொள்வது பெற்றோருக்கு நல்லது. ரொனால்ட் கோல்ட்மன் என்ற கல்வியாளர் 1964இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 17 வயது வரையான 200 மாணவர்களிடம் எரிகிற முட்செடி, செங்கடலைக் கடந்தது, இயேசு சோதிக்கப்பட்டது ஆகிய மூன்று பகுதிகளைக் கொடுத்துக் கேள்விகள் கேட்டார். பதின்ம வயதை எட்டும் வரை பெரும்பாலான பிள்ளைகள் உருவகத்தைச் சொல்லுக்குச் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், ஆகவே வேதப்பகுதிகளை மிகச் சிறு வயதிலேயே திணிப்பது தவறான புரிதலை உண்டாக்கும் என்றும் அவர் முடிவுசெய்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1954இல், ரோம் நகரில் எபிரெய அறிஞரான சோஃபியா கவல்லெட்டியும் குழந்தை தானே பொருட்களைக் கையாண்டு கற்கும் மொண்டெசோரி முறையில் தேர்ந்த ஜியானா கோபியும் சிறு குழந்தைகளோடு வேறொரு பாதையைத் தொடங்கியிருந்தார்கள். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் முன் நல்ல மேய்ப்பனின் பகுதியை மெதுவாக வாசித்து, மரத்தால் செய்த சிறிய ஆடுகளையும் தொழுவத்தையும் மேய்ப்பனையும் அவர்கள் கையில் கொடுத்து, தனியே இருந்து அவற்றை நகர்த்திப் பார்க்க விட்டார்கள். மேய்ப்பன் யார், ஆடுகள் யார் என்று சொல்லிவிடாமல் வியப்பாகக் கேட்டுவிட்டு, குழந்தை தானே கண்டுகொள்ளும் வரை பொறுத்திருந்தார்கள்.

கோல்ட்மன் அளந்தது பிள்ளைகள் விளக்கிச் சொல்லும் திறனை. ஒன்றை விளக்கத் தெரியாதவருக்கு அது கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படியானால் நம்மில் பலருக்கும் விசுவாசம் கிடைத்திருக்காது. ஆகவே ஆறு வயது மகளிடம் விளக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்கு கோல்ட்மனையும், அவளுக்கு ஆழமானதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம் என்பதற்கு கவல்லெட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள். யோவான் 10ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்ற ஒரு வரி உங்கள் மகளுக்குப் பல மாதங்களுக்குப் போதும். சில மர ஆடுகளோ களிமண் ஆடுகளோ செய்து கொடுத்து, அந்த வசனத்தை வாசித்துவிட்டு, பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருங்கள். அவள் ஒரு ஆட்டுக்குத் தன் பெயரை வைக்கலாம், வைக்காமலும் போகலாம். வைத்தால், "பார்த்தாயா, அதுதான் நீ" என்று முடித்துவைக்காதீர்கள்.

உருவகங்களைப் பொருத்திக் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. நல்ல சமாரியன் உவமைக்குப் பண்டைய திருச்சபையின் போதகரான அகஸ்டின் எழுதிய விளக்கத்தில் குற்றுயிராய்க் கிடப்பவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல். விசுவாசத்தில் முதிர்ந்தவர்கள் இதைத் தியானித்து மகிழலாம். ஆனால் பிள்ளைக்கு இப்படிச் சொல்லும்போது, உவமை என்பது ஒரு பூட்டு, அர்த்தம் அதன் சாவி, திறந்த பிறகு பூட்டுக்கு வேலை இல்லை என்று அது கற்றுக்கொள்கிறது. அடிபட்டவனும் எண்ணெயும் திராட்சரசமும் கட்டிய காயமும் மறைந்து, பெயர்ப் பட்டியல் மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் மகன் திருப்பிச் சொல்வது அந்தப் பட்டியலைத்தான். இயேசுவோ அந்த உவமையை, நீயும் போய் அந்தப்படியே செய் என்றுதான் முடித்தார். எனவே சமாரியனுக்குரிய குடும்பச் செய்முறை நாடகம் அல்ல. நோயுற்ற ஒருவரைப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும், அவருக்குத் தேவையான ஒரு வேலையைச் செய்து கொடுப்பதும்தான். வீடு திரும்பிய அன்று இரவு லூக்கா 10ஐ வாசியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் என்ற துறவி எருசலேம் என்ற ஒரே பெயரை நான்கு விதமாக வாசிக்கலாம் என்று காட்டினார்: யூதர்களின் நகரம், கிறிஸ்துவின் சபை, மனிதனின் ஆத்துமா, பரலோக நகரம். இதை நான் இங்கே சொல்வது பெற்றோருக்காக. ஒரு பகுதியைப் பிள்ளைகளோடு வாசிக்கும் முன், என்ன நடந்தது, கிறிஸ்துவைப் பற்றி இது என்ன காட்டுகிறது, நான் என்ன செய்ய வேண்டும், எதை நம்பிக் காத்திருக்கிறேன் என்று நீங்கள் தனியே உட்கார்ந்து யோசித்திருந்தால், பிள்ளை எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் உங்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.

இனி உங்கள் மகனின் கேள்வி. அது அருமையான கேள்வி, அதைச் சந்தேகமாகக் கருதிப் பயப்பட வேண்டாம். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாமின் மனைவி சாராளையும் அவளுடைய அடிமைப்பெண் ஆகாரையும் பற்றிச் சொல்லிவிட்டு, இவைகள் ஞான அர்த்தமுள்ளவைகள் என்கிறார். அதே பவுல் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் விட்டுவிடவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தண்ணீர் குடித்த கன்மலை கிறிஸ்துவே என்று 1 கொரிந்தியர் 10இல் எழுதும்போதும் அப்படித்தான்: தாகமும் தண்ணீரும் உண்மை, அதற்குள் இருந்தவரும் உண்மை. இவையெல்லாம் எந்த வகை எழுத்து என்று வேதம் படித்த பெரியவர்கள் சில இடங்களில் வேறுபடுகிறார்கள் என்பதையும் பத்து வயதுப் பையனிடம் மறைக்க வேண்டியதில்லை. இயேசு உவமை என்று சொல்லிச் சொன்னவற்றை உவமையாகவும், நடந்ததாக எழுதப்பட்டவற்றை நடந்ததாகவும் நம் வீட்டில் வாசிக்கிறோம், இரண்டிலும் தேவன் நம்மோடு பேசுகிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் பதில் அவனுக்கு வேண்டாம்.

பேழையை விட்டுவிட வேண்டாம், ஆனால் அட்டையையும் பசையையும் இந்த முறை எடுக்காதீர்கள். மகனிடம் ஒரு வெற்றுத் தாளையும் ஆதியாகமம் 7, 8ஆம் அதிகாரங்களையும் கொடுத்து, அதில் வரும் தேதிகளையெல்லாம் நாட்காட்டியாக எழுதச் சொல்லுங்கள். நோவாவின் 600ஆம் வயதில் இரண்டாம் மாதம் 17ஆம் தேதி வெள்ளம் தொடங்குகிறது. நாற்பது நாள் மழை, நூற்றைம்பது நாள் பெருகிய தண்ணீர், புறாவை அனுப்பிவிட்டு ஏழு நாள் காத்திருத்தல், மறுபடியும் ஏழு நாள். 601ஆம் வருஷம் முதல் மாதம் முதல் தேதியில் நோவா பேழையின் மேல்தட்டை நீக்கிப் பார்க்கிறான், தண்ணீர் வற்றிவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை. இரண்டாம் மாதம் 27ஆம் தேதி பூமி காய்ந்த பிறகு, தேவன் புறப்படச் சொன்ன பிறகுதான் இறங்குகிறான். அந்த இடைவெளியை உங்கள் மகன் தானே தாளில் கண்டுபிடிக்கட்டும். ஏன் உடனே இறங்கவில்லை என்று அவன் கேட்பான். அப்போது உங்கள் வாழ்க்கையில் வழி திறந்ததுபோல் தெரிந்தும் நீங்கள் காத்திருந்த ஒரு காலத்தைச் சொல்லுங்கள். வெள்ளத்தையும் ஞானஸ்நானத்தையும் இணைக்கும் 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தை அவன் இன்னும் சற்று வளர்ந்த பிறகு தானே வாசித்து வியப்பான்.

விதைக்கிறவன் உவமைக்குச் செய்முறை சிறந்தது, ஏனென்றால் அதில் காலம் ஊழியம் செய்கிறது. நான்கு தட்டுகளில் மண்ணை வையுங்கள்: ஒன்றில் இறுக மிதித்த மண், ஒன்றில் கல்லின் மேல் மெல்லிய மண், ஒன்றில் களை மண்டிய மண், ஒன்றில் பண்படுத்திய மண். எல்லாவற்றிலும் ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். தினமும் குடும்ப ஜெபத்துக்கு முன் நால்வரும் பாருங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். ஆழமில்லாத மண்ணில் விதை சீக்கிரம் முளைத்தது என்று மாற்கு 4:5 சொல்வதை அவர்கள் வாசிக்கும் நாளில், தங்கள் தட்டில் அப்படி நடந்ததா என்று அவர்களே ஒப்பிடுவார்கள். பலன் அந்தப்படி வராவிட்டாலும் பரவாயில்லை, ஏன் வரவில்லை என்று பேசலாம். நீ எந்த நிலம் என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் நல்ல நிலம் என்றே சொல்வார்கள், அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்: கவலைகள் முட்செடியாக என்னை நெருக்குகிற நாள் இது என்று அப்பா சொல்வதைக் கேட்கும் மகனுக்கு உவமையின் உள்ளர்த்தம் வேறொருவர் விளக்காமலே புரியத் தொடங்கும். இயேசுவும் அந்த உவமையின் அர்த்தத்தைக் கரையில் நின்ற திரளான ஜனத்துக்குச் சொல்லவில்லை, தனித்திருக்கும்போது வந்து கேட்டவர்களுக்குச் சொன்னார் என்பது அதே அதிகாரத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்துக்கு ஒரே செய்முறைதான் உண்டு: ஜெபம் தொடங்கும் முன், அன்று பிள்ளையிடம் கடுமையாகப் பேசிய தாயோ தகப்பனோ அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது. நடிப்பு அல்ல, உண்மையாக. பிள்ளைகளைக் கேட்க வைக்காதீர்கள், நீங்கள் கேளுங்கள். வேதத்தின் ஞான அர்த்தத்தைப் பற்றிய பேச்சுகளையெல்லாம் விட இது ஆழமாகப் போகும் என்று நான் நினைக்கிறேன்.

மனப்பாடத்தையும் வினாடி வினாவையும் நிறுத்த வேண்டாம், அவை பிற்காலத்துக்கான சேமிப்பு. லூக்கா 15இல் வரும் மூன்று உவமைகளையும் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். நூறில் ஒரு ஆடு, பத்தில் ஒரு காசு, இரண்டில் ஒரு மகன் என்று தேடுதல் நெருங்கி வருவதைக் கவனிக்க மகனுக்கு நேரம் கொடுங்கள்.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன பகுதியை மகளோடு இப்போது வாசிக்க வேண்டாம். ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, "நீயும் என்னை அப்படிக் கொடுத்துவிடுவாயா?" என்று கேட்டால், இல்லை என்று உடனே சொல்லுங்கள். தேவன் அந்தப் பையனைத் தொட விடவில்லை, ஆட்டுக்கடாவை அவரே கொடுத்தார் என்று சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.