பிள்ளைகளின் பல்லில் படியும் ஊத்தை: கேள்வி பதில்

திருகோணமலைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: அக்கா, காலையில் துலக்கினாலும் மாலைக்குள் மகளின் பல்லில் மஞ்சளாக ஏதோ ஒட்டுகிறது. சாப்பாடா?

இல்லை தங்கச்சி, அது கிருமிகளின் படலம். துலக்கிய சில மணித்தியாலங்களிலேயே மறுபடி உருவாகத் தொடங்கும். கொப்பளித்தால் போகாது, தேய்க்கத்தான் வேண்டும். இனிப்புக் கிடைத்தால் அந்தக் கிருமிகள் அமிலத்தைச் சுரந்து பல்லை அரிக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், இரவில் துலக்காமல் படுக்கவே விடாதீர்கள்.

மூதூர்: மகனுக்கு ஒன்றரை வயது. விழப்போகும் பாற்பல்லுக்கு இவ்வளவு பாடு தேவையா?

தேவை. கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. சொத்தையாகி முன்னரே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அரிசியளவு புளோரைட் பற்பசை போதும். மூன்று வயதிலிருந்து பட்டாணியளவு.

கிண்ணியா: ஆறு வயது மகன் தானாகவே துலக்குகிறான். ஆனால் கீழ்வரிசையின் கடைசியில் வெள்ளையாக ஊத்தை தெரிகிறது.

நல்ல வேளையாகக் கவனித்தீர்கள். அங்கே முளைப்பது பாற்பல் அல்ல, வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் சத்தமின்றி வருவதால் பலருக்கு அது வந்ததே தெரிவதில்லை. முழுதாக எழும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்க்கும் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். மேற்புறத்தின் ஆழமான பள்ளங்களில் ஊத்தை தங்கும். ஈறு நோவதால் பிள்ளையும் அந்தப் பக்கம் போகமாட்டான். கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து, நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழெட்டு வயதுவரை பிரஷைப் பிள்ளையிடம் மட்டும் விட்டுவிடுவது எனக்குச் சம்மதமே இல்லை. அந்தக் கைகளுக்கு இன்னும் அவ்வளவு நுணுக்கம் வராது. பல் எழும்பியதும் பள்ளங்களை அடைக்கும் பூச்சுப் பற்றிப் பல் வைத்தியரிடம் கேளுங்கள்.

தம்பலகாமம்: ஈறோரம் கறுப்புக் கோடு. சொத்தையா?

பெரும்பாலும் கறைதான். சிலவகைக் கிருமிகளாலும் இரும்புச்சத்துப் பாணியாலும் வரும். ஒருமுறை காட்டி உறுதிப்படுத்துங்கள்.

சாம்பல்தீவு: பன்னிரண்டு வயது மகளின் கீழ் முன்பற்களின் உட்புறம் கல்போல் இருக்கிறது. ஊசியால் சுரண்டலாமா?

வேண்டவே வேண்டாம், ஈறு கிழியும். அகற்றப்படாத ஊத்தை உமிழ்நீரின் தாதுக்களால் இறுகிக் காரையாகிவிட்டது. நாக்கின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் அவ்விடத்தில் திறப்பதால்தான் அங்கே முதலில் படிகிறது. இனி எந்தப் பிரஷாலும் போகாது. பல் சிகிச்சை நிலையத்தில் கருவியால் எடுக்க வேண்டும். அதன்பின் ஈறில் சிறிது இரத்தம் கசிந்தாலும் துலக்குவதை நிறுத்தாதீர்கள்.