பின்லாந்தின் அறிவொளிக் காலம்: கேள்வி பதில்

கே: பகுத்தறிவையும் சுதந்திரத்தையும் முன்வைத்த 18ஆம் நூற்றாண்டு அறிவொளி இயக்கம் என்றாலே பாரிஸ், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர்தான். பின்லாந்திலும் இருந்ததா?

இருந்தது. ஆனால் 1809 வரை பின்லாந்து ஸ்வீடன் அரசின் பகுதி. அறிஞர்கள் எழுதியது ஸ்வீடிஷிலும் லத்தீனிலும். அதனால் ஸ்வீடன் வரலாற்று நூல்களில்தான் அவர்களைத் தேட வேண்டும்.

கே: பாதிரியார்கள் எதிர்த்திருப்பார்களே, ஐயா?

பிரான்சை வைத்து அளந்தால் இங்கேதான் தடுமாறுவோம். பின்லாந்தில் இந்தச் சிந்தனையைச் சுமந்தவர்களில் பலர் பாதிரியார்களே. முதலில் படிக்க வேண்டியவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ் (1729–1803). பிரசங்கமும் செய்தார், ஊராருக்கு அம்மையும் குத்தினார். பின்லாந்தின் பல்கலைக்கழகமான துர்க்கு அகாடமியில் அவருக்கு ஆசிரியர், வட அமெரிக்காவில் பயணம் செய்த இயற்கை அறிஞர் பெர் கால்ம். 1753இல் சிடேனியஸ் அளித்த ஆய்வேடு அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரப்பட்டைப் படகுகளைப் பற்றியது. பயன்படும் அறிவுக்கே அங்கு மதிப்பு.

கே: வணிகச் சுதந்திரம் பற்றி அவருக்கு ஏன் அவ்வளவு அக்கறை?

மரக் கப்பல்களுக்குப் பூசும் தார்தான் காரணம். பைன் மரத்தின் பட்டையை உரித்து, மரத்தில் பிசின் ஊற விட்டு, பிறகு வெட்டிப் பிளந்து குழியில் அடுக்கி, மேலே புல்தரை மண் போட்டு மூடிக் காற்றில்லாமல் புகைய விடுவார்கள். அடியில் வைத்த குழாய் வழியே தார் பீப்பாயில் இறங்கும். இத்தனை உழைப்புக்குப் பிறகும் பின்லாந்துத் துறைமுக ஊரான கொக்கோலாவின் வணிகர் அதை நேரே வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஸ்டாக்ஹோம் வணிகர் சொன்னதே விலை. அதை எதிர்த்து சிடேனியஸ் வாதாடினார். 1765இல் தடை தளர்ந்தது.

கே: தடையில்லா வணிகத்தை ஆதரித்த பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இவரைப் பார்த்துத்தான் எழுதினாரா?

அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. சிடேனியஸின் ‘தேசிய ஆதாயம்’ 1765இல், ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ நூலுக்கு 11 ஆண்டு முன்னால் வந்தது. ஆனால் அது ஸ்வீடிஷில் இருந்தது.

கே: ஸ்வீடனின் 1766 பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் தணிக்கையை முழுவதும் ஒழித்ததா, அண்ணா?

இல்லை. டிசம்பர் 2 அன்று வந்த சட்டம் அரசியல் எழுத்துக்கு முன்தணிக்கையை நீக்கியது. சமய நூல்களுக்குத் தணிக்கை தொடர்ந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அரசு ஆவணங்களைப் பார்க்கவும் அச்சிடவும் குடிமக்களுக்கு உரிமை கிடைத்தது. அதற்கு உழைத்த சிடேனியஸையே நாணயக் கொள்கையைக் கண்டித்ததற்காக அதே ஆண்டு நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1774இல் ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் சட்டத்தைச் சுருக்கினார்.

கே: ஒரே ஒரு நூல் படிப்பதென்றால்?

ஹெல்சிங்கியில் பிறந்த பீட்டர் ஃபோர்ஸ்கோல் 1759இல் குடிமைச் சுதந்திரம் பற்றி எழுதியது. 21 சிறு பத்திகள், ஒரே மாலையில் முடியும். அரசு அதைத் தடை செய்ததால், அச்சான 500 பிரதிகளைத் திரும்பப் பெறும் வேலை அவருடைய ஆசானும் உப்சாலா பல்கலைக்கழகத் தலைவருமான தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் தலையில் விழுந்தது. கிடைத்தவை 79.